மலைக்கும் ஒரு குத்தூசி போடுங்கள்!

அரிசி மண்டியில் லாரி வந்து மூட்டைகள் இறங்கியதும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? சாக்கின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவீர்களா? மாட்டீர்கள்! குத்தூசியை எடுத்து மூட்டையின் வயிற்றில் குத்துவீர்கள். நடுவில் இருக்கும் அரிசியை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, அதன் பிறகுதான் விலை பேசுவீர்கள். சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இத்தனை எச்சரிக்கை!

அதே வியாபாரி ஊட்டியிலோ, கொடைக்கானலிலோ, ஏற்காட்டிலோ, வயநாட்டிலோ ஐந்து சென்ட் மனை வாங்கும்போது மட்டும் குத்தூசியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறார். எதிரே பள்ளத்தாக்கு, காலையில் பனிமூட்டம், குளுகுளு காற்று. "இந்த வியூவுக்கே கொடுக்கலாம் பாய்" என்கிறார் புரோக்கர். தாய்ப் பத்திரம் பார்க்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், பட்டா பார்க்கிறார்கள், வக்கீலிடம் காட்டிக் கருத்து வாங்குகிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தப் பத்திரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

சகோதரர்களே! மலைச்சரிவில் மண்ணையும் சரிவையும் ஆராயாமல் மனைக்கு முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது என்பதே இக்கட்டுரை சொல்ல வரும் செய்தி. இது பணத்தைக் காப்பாற்றும் யோசனை மட்டுமல்ல. சரிவில் தோண்டுகிறவன் தன் வீட்டுக்கு மட்டும் பொறுப்பாளி ஆவதில்லை. மேலே இருப்பவனின் சுவருக்கும், கீழே இருப்பவனின் உயிருக்கும், கடப்பாரை பிடிக்கும் கூலித் தொழிலாளிக்கும் அவனே பொறுப்பாளி ஆகிறான்.

செத்தவர்கள் யார்?

2024 பிப்ரவரி 7. ஊட்டிக்கு அருகே லவ்டேல். ஒரு வீட்டு வேலைக்காகச் சரிவில் மண் தோண்டிக் கொண்டிருந்தார்கள். மேலே நின்றிருந்த கழிப்பிடக் கட்டடம் மண்ணோடு சேர்ந்து சரிந்து விழுந்தது. ஆறு பெண் தொழிலாளர்கள் மண்ணுக்குள் புதைந்து உயிரிழந்தார்கள். அன்று புயல் இல்லை, பேய்மழை இல்லை. சரிவின் அடியில் கை வைத்தார்கள். மேலே இருந்தது கீழே வந்தது. அவ்வளவுதான்!

அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் பலியானார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் குன்னூர், கேத்தி பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இந்தப் பட்டியலில் மாடி பங்களாவின் முதலாளி எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள், மலிவான இடம் என்று சரிவில் ஒண்டிக் குடியிருந்தவர்கள், தூங்கிக் கொண்டிருந்த குழந்தைகள். வளைகுடாவில் பத்து ஆண்டு, இருபது ஆண்டு வியர்வை சிந்திச் சேர்த்த காசை மலையில் ஒரு காட்டேஜில் போட நினைக்கும் சகோதரர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். காசு நேர்மையாக வந்தது போதாது. அது போய்ச் சேரும் இடத்தில் பிறர் தலையில் மண்ணைக் கொட்டாமல் இருக்க வேண்டும்.

கோலாலம்பூர் சொல்லும் பாடம்

மலேசியாவில் உறவும் தொழிலும் உள்ள குடும்பங்கள் நம்மில் ஏராளம். கோலாலம்பூரை ஒட்டிய உலு கிளாங்கில் இருந்த 'ஹைலேண்ட் டவர்ஸ்' பெயரை அங்குள்ள பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். குன்றின் அடிவாரத்தில் பன்னிரண்டு மாடிகளுடன் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். வசதியானவர்கள் வாழ்ந்த இடம். 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பகல். பல நாள் மழைக்குப் பிறகு பின்புறக் குன்று சரிந்து, தடுப்புச் சுவர்களை உடைத்துக்கொண்டு வந்து, முதல் கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. பன்னிரண்டு மாடியும் அப்படியே சாய்ந்தது. 48 பேர் மாண்டார்கள்!

காரணங்களை ஆராய்ந்தபோது வெளிவந்தவை என்ன? குன்றில் ஓடிய ஓடையைக் குழாய் போட்டுத் திருப்பிவிட்டிருந்தார்கள். மேலே புதிய குடியிருப்புக்காக மரங்களை அழித்திருந்தார்கள். மழைநீர் வெளியேற ஒழுங்கான வடிகால் இல்லை. தடுப்புச் சுவர்கள் முறையாகக் கணக்கிட்டுக் கட்டப்படவில்லை. இடிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே சாலையில் விரிசல்கள் தெரிந்தன.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. வழக்கு நீதிமன்றம் போனது. 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கட்டட நிறுவனம், வரைபடம் போட்டவர், பொறியாளர், அனுமதி தந்த நகராட்சி மன்றம், மேலே இருந்த நிலத்தின் உரிமையாளர் எனப் பலரையும் பொறுப்பாளிகள் என்றது. 2006இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான ஃபெடரல் கோர்ட் நகராட்சி மன்றத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டது. 'அனுமதி கொடுத்தவன் பார்த்துக்கொள்வான்' என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு மிஞ்சியது என்ன? யோசித்துப் பாருங்கள்! அதே வட்டாரத்தில் 2002இலும், புக்கிட் அந்தாராபங்சாவில் 2008இலும் மீண்டும் மண் சரிந்து மீண்டும் உயிர்கள் போயின. ஒரு சரிவு, ஒரு பாடத்தோடு நிற்பதில்லை.

மலை ஏன் சரிகிறது?

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும் பாறை. 'மலை என்றால் பாறைதானே, அசையாது' என்று பலர் நினைப்பது இதனால்தான். ஆனால் உங்கள் வீடு அந்தப் பாறையின் மேல் நிற்கப் போவதில்லை. பல்லாயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் பாறை மக்கி, சிவந்து, களிமண்ணும் குறுமணலுமாக மாறிய போர்வை ஒன்று அதன் மேல் கிடக்கிறது. சில இடங்களில் அது ஓர் ஆள் ஆழம். சில இடங்களில் பத்து ஆள் ஆழத்துக்கும் மேல். உங்கள் அஸ்திவாரம் நிற்பது அந்தப் போர்வையில்தான்.

காய்ந்திருக்கும்போது அந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். "பாருங்க முதலாளி, வெட்டி ஆறு மாசம் ஆச்சு, ஒரு கட்டி விழல" என்று மேஸ்திரி பெருமையாகக் காட்டுவார். அது கோடைகாலத்துச் சாட்சி! மழை இறங்கியதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, தண்ணீர் குடித்த மண் கனக்கிறது. இரண்டு, மண்துகள்களுக்கு இடையே தேங்கிய நீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. துகளுக்குத் துகள் இருந்த பிடி தளர்கிறது. கனம் கூடுகிறது, பிடி குறைகிறது. கீழே தாங்கிக்கொண்டிருந்த மண்ணை நீங்கள் ஏற்கெனவே ஜே.சி.பி. விட்டு வெட்டி எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்!

வெட்டிய மண்ணை என்ன செய்கிறார்கள்? சரிவின் ஓரத்தில் கொட்டிப் பரப்பி, இடத்தை அகலமாக்குகிறார்கள். வீட்டின் பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும், பாதி கொட்டிய பொலபொல மண்ணிலும் நிற்கிறது. முதல் மழையிலேயே ஒரு பக்கம் இறங்கிச் சுவர் பிளக்கிறது. 'மேஸ்திரி சிமெண்டில் கை வைத்துவிட்டான்' என்று சண்டை போடுகிறோம். சிமெண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

முதலில் கண்ணால் பாருங்கள்

மனை பார்க்கப் போகும்போது வெயில் காலத்தில் ஒரு முறையும், மழை காலத்தில் ஒரு முறையும் போங்கள். புரோக்கர் இல்லாமல் தனியாகவும் ஒரு முறை போங்கள். எதிரே தெரியும் காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் சரிவைப் பாருங்கள்.

மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கின்றனவா? மின்கம்பங்களும் வேலிக் கற்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? மண் மெல்ல மெல்ல நகர்வதன் அடையாளம் அது. தரையில் பிறை வடிவில் விரிசலோ, படி போல இறங்கிய விளிம்போ இருக்கிறதா? சுற்றிலும் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் புல் பசேலென்று இருக்கிறதா? உள்ளே தண்ணீர் நடமாடுகிறது என்று பொருள். பக்கத்துத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? மனையின் நடுவே பள்ளமாக ஒரு தடம் ஓடுகிறதா? இன்று அது காய்ந்த வாய்க்கால். ஒரு பெருமழையில் அதுவே ஓடை.

மேலேயும் பாருங்கள். 2024 ஜூலை 30ஆம் தேதி அதிகாலை வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த சரிவு, அந்த வீடுகளின் கொல்லைப்புறத்தில் தொடங்கவில்லை. வெகு மேலே காட்டுச் சரிவில் தொடங்கி, ஓடைத் தடம் வழியாகப் பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு வந்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஓடைக்கரையில் இருக்கும் மனை எவ்வளவு சமதளமாக இருந்தாலும் அது மலையின் பாதையில்தான் இருக்கிறது.

சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். மேஸ்திரியின் ரசமட்டமும் ஒரு மீட்டர் சட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, ரசமட்டம் பார்த்துச் சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 33 சென்டிமீட்டர் என்றால் மூன்றுக்கு ஒன்று சரிவு, ஏறத்தாழ 18 டிகிரி. 58 சென்டிமீட்டர் என்றால் 30 டிகிரி. பத்து இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சரிவு கூடக் கூட வெட்டும் கூடும், கொட்டும் மண்ணும் கூடும், ஆபத்தும் கூடும்.

அந்த ஊரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து, "இந்தப் பக்கம் எப்போதாவது மண் சரிந்ததா?" என்று கேளுங்கள். ஒரு டீக்குக் கிடைக்கும் தகவல் இது! ஒரு முறை சரிந்த இடம் மறுமுறையும் சரியத் தயாராக இருக்கும்.

பிறகு குத்தூசி!

கண்ணுக்குத் தெரிந்த குறை இல்லை என்றால் அடுத்து மண்பொறியியல் தெரிந்தவரை அழையுங்கள். வீடு கட்டும் எல்லாப் பொறியாளருக்கும் இது தெரியும் என்று நினைக்காதீர்கள். பல் வலிக்கு எலும்பு டாக்டரிடம் போவோமா?

அவர் செய்வது நம் குத்தூசி வேலையேதான். மண்ணில் துளையிட்டு, குறிப்பிட்ட ஆழங்களில் ஒரு குழாயை 63.5 கிலோ சம்மட்டியால் 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அடித்து இறக்குவார்கள். கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுவார்கள். நாலைந்து அடியில் இறங்கினால் மண் பலவீனம். ஐம்பது அடிக்கும் இறங்கவில்லை என்றால் கெட்டி. அந்தந்த ஆழத்து மண்ணை எடுத்துப்போய் அதன் ஈரம், களித்தன்மை, வழுக்காமல் பிடித்து நிற்கும் பலம் ஆகியவற்றைச் சோதிப்பார்கள்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. நம் மலைகளில் மக்கிய மண்ணுக்கு நடுவே மக்காத உருண்டைப் பாறைகள் மிதந்து கிடக்கும். துளையிடும் கருவி அதில் முட்டியதும், "பாறை வந்துவிட்டது" என்று வேலையை முடித்துக்கொள்வார்கள். அது தாய்ப்பாறையா, மண்ணில் புதைந்த குண்டுக்கல்லா? பாறைக்குள்ளும் சில மீட்டர் துளைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரே துளையும் போதாது. வீட்டின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்றாவது வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். மழை காலத்தில் நிலத்தடி நீர் எந்த மட்டத்துக்கு ஏறும்? ஏப்ரலில் துளையிட்டு 'தண்ணீர் இல்லை' என்று எழுதுவது அறிக்கை ஆகாது. அடுத்து, சரிவின் பாதுகாப்புக் காரணி எவ்வளவு? மண்ணைப் பிடித்து நிறுத்தும் பலத்தைக் கீழே இழுக்கும் பலத்தால் வகுத்தால் வரும் எண் இது. ஒன்று என்றால் விளிம்பில் நிற்கிறது. நிரந்தரக் கட்டடத்துக்குப் பொதுவாக 1.5 எதிர்பார்ப்பார்கள். மூன்றாவது, இந்தக் கணக்கு நனைந்த மண்ணுக்கும், நான் வெட்டப்போகும் வெட்டுக்கும், என் வீட்டின் பாரத்துக்கும் சேர்த்துப் போட்டதா? 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திடாத அறிக்கையை வாங்காதீர்கள்.

செலவு ஆகுமே என்பீர்கள். ஆகத்தான் செய்யும். கிரானைட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கணக்குப் பார்க்காத நாம், அந்த வீடே நிற்குமா என்று கேட்கும் செலவுக்கு மட்டும் கணக்குப் பார்க்கலாமா?

அனுமதி இருக்கிறதே!

'ஹாகா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் தமிழகத்தில் 1990இல் அமைக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வரும் கிராமங்களில் கட்டுவதற்குப் புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை ஆகியவற்றின் கருத்து தேவை. இதைச் சுற்றிப் போக ஆள் பிடிக்காதீர்கள்! அந்தக் கெடுபிடி உங்களுக்கு எதிரானது அல்ல. குறுக்கு வழியில் வாங்கிய காகிதம் மண்ணைத் தாங்காது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளை 1:50,000 அளவில் வரைபடமாக்கியிருக்கிறது. அவசியம் பாருங்கள். ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். உங்கள் ஐந்து சென்ட் மனை ஏறத்தாழ 14 மீட்டருக்கு 14 மீட்டர். வரைபடத்தில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! சிவப்பு வண்ணம் இருந்தால் விலகிவிடலாம். இல்லை என்பதற்காக மனையைச் சோதிக்காமல் விட முடியாது.

கட்டுவது என்று முடிவானால், முதலில் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர்! அது சரிவில் இறங்கினால் மண்ணை அரிக்கும், பக்கத்து மனையில் விழுந்தால் அண்டை வீட்டுக்காரரின் அஸ்திவாரத்தை அரிக்கும். கல் பதித்த வாய்க்காலில் இயற்கையான ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். செப்டிக் டேங்க் நீரை உறிஞ்சு குழி தோண்டிச் சரிவுக்குள் விடாதீர்கள். அது மழை இல்லாத நாளிலும் மலைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. தடுப்புச் சுவரில் நீர் வெளியேறத் துளைகளும், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பலும் இல்லாவிட்டால் அது சுவர் அல்ல, கதவில்லாத அணைக்கட்டு!

"நூறு வருஷ பங்களா நிற்கிறதே!"

சிலர் இப்படிக் கேட்பார்கள். நிற்கிறது, உண்மைதான். அன்று கட்டியவர்களுக்கு மலை முழுவதும் காலியாகக் கிடந்தது. முகட்டிலும் மேட்டுச் சமதளத்திலும் நல்ல இடமாகப் பொறுக்கி எடுத்துக் கட்டினார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சரிவு. அன்றே விழுந்துபோன வீடுகளும் உண்டு. அவற்றை நாம் எண்ணுவதில்லை, ஏனென்றால் அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வசதி உள்ளவனுக்கு 'வேண்டாம்' என்று சொல்லி வேறு மனை தேடும் வாய்ப்பு இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கும், அடிவாரத்தில் ஒன்றரை சென்ட்டில் குடிசை போட்டவனுக்கும் அது இல்லை. மண் பரிசோதனைக்கு அவன் எங்கே போவான்? மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு அரசே தெருத் தெருவாகத் துளையிட்டுச் சோதித்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஆபத்தான இடத்தில் இருப்பவர்களை மழை வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் அடைப்பதை விட்டுவிட்டு, மழைக்கு முன்பே மாற்று மனைப் பட்டா கொடுத்துக் குடியமர்த்த வேண்டும். மலைச்சரிவில் யார் மண் வெட்டினாலும், தொழிலாளியைக் குழிக்குள் இறக்கும் முன் மேலிருக்கும் சரிவும் சுவரும் முட்டுக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்க ஒரு பொறுப்பான அலுவலர் வேண்டும். இவற்றைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டியது நம் கடமை. நம் தெருவுக்கு மட்டுமின்றி எல்லோருடைய தெருவுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியியல் என்றால் கம்ப்யூட்டர் ஒன்றே என்று ஓடாதீர்கள். சிவில் படிப்பவர்கள் மேல்படிப்புக்கு மண்பொறியியலை எடுக்கலாம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. புவியியல் பட்டமும் இருக்கிறது. மலை மாவட்டங்களில் மனை விற்க ஆள் நிறைய இருக்கிறார்கள். மண்ணைப் படித்துச் சொல்லத்தான் ஆள் போதவில்லை.

வியாபாரிகளுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த முறை மலை மனைக்கு அட்வான்ஸ் கேட்டு யாராவது வந்தால், "மண் அறிக்கை எங்கே?" என்று கேளுங்கள். "அதெல்லாம் யாரும் கேட்கிறதில்லை பாய்" என்று அவர் சிரிப்பார். நீங்கள் சிரிக்காதீர்கள். அறிக்கை வரும் வரை பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்!